ஒற்றுமைக்கு இரண்டு மூலை

முன்னாள் கவர்னர் தெரன் விட்கம் எங்கள் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. அவருடைய கொள்கை பிடிக்கவில்லை என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அப்படிச் சொல்ல வழியில்லை, அவரிடம் கொள்கை எதுவும் கிடையாது. எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்க நான் ஒன்றும் அரசியல்வாதி இல்லை. அயோவாவில் நியூ ஹோர்ன் என்ற ஊரில் விதைச் சோளம் விற்கிறவன்.

ஜனாதிபதி வேட்பாளரைப் பொறுக்கி எடுக்கும் வேலையை நாடு முதலில் எங்களிடம் கொடுத்திருக்கிறது. ஏன் எங்களிடம் என்று யாருக்கும் தெரியாது. நாங்களும் கேட்டதில்லை, கேட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். கோடையில் ஆரம்பித்து வேட்பாளர்கள் வீடு வீடாக வந்து நாங்கள் கொடுப்பதைச் சாப்பிட்டாக வேண்டும். கடைசியில் ஒரு ஜனவரி மாலை, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் கூடி, யாருக்கு யாரைப் பிடிக்குமோ அவர் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்போம். சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது, மறைப்பு கிடையாது. பல் டாக்டர், பாதிரியார், பெண்டாட்டி எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை செல்லாது. செல்லாத மூலைக்காரர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது கெஞ்சிக் கூத்தாடி ஆள் இழுத்து வரலாம். அதற்குக் கால் மணி நேரம் தருவார்கள். காகஸ் என்று இதற்குப் பெயர். இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

லவோனும் நானும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே மூலையில்தான் நின்றிருக்கிறோம். வீட்டில் எதிலும் ஒத்துப்போனதில்லை. துண்டை எப்படி மடிப்பது, நாய் கட்டிலில் ஏறலாமா, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, எல்லாவற்றிலும் அவள் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. ஆனால் நான்கு வருடத்துக்கு ஒரு தடவை அந்த மூலையில் மட்டும் தோளோடு தோள் நிற்போம். அவள் கோட்டில் பூச்சிக்குப் போடுகிற நாப்தலின் வாசனை வரும். அது எனக்குப் பிடிக்கும் என்று அவளிடம் சொன்னதில்லை.

அந்தக் கவர்னர் வந்த நாளைச் சொல்கிறேன். லவோன் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டைப் போட்டு கேக் செய்திருந்தாள். தெரு முழுக்க எங்கள் வீட்டில் இருந்தது. பன்றி வளர்க்கிற என் சிநேகிதன் டுவெயின் பூமா எழுந்து கேட்டான்.

"கவர்னர், எங்க கிணத்துத் தண்ணியில நைட்ரேட்டு ஏறிக்கிட்டே போகுது. கைக்குழந்தைக்குக் குடுக்காதேங்கறாங்க. நீங்க வந்தா என்ன செய்வீங்க?"

விட்கம் தலையை இடது தோள் பக்கமாகச் சாய்த்தார். புருவம் இரண்டும் நடுவில் கொஞ்சம் மேலே போயிற்று.

"உங்க பேரு?"

"டுவெயின்."

"டுவெயின். மேல சொல்லுங்க."

மேலே சொல்ல டுவெயினிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவனை யாரும் இதுவரை மேலே சொல்லச் சொன்னதில்லை என்பதால் சொன்னான். கிணறு வெட்டிய அப்பா, அப்பாவின் முழங்கால் வலி, முழங்காலுக்காக விற்ற டிராக்டர் என்று போய், தம்பி பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டான் என்பதில் வந்து முடிந்தது. விட்கம் வலது கையை நெஞ்சில் வைத்தார்.

"டுவெயின், நான் கேட்டுக்கிட்டேன். தண்ணி கெட்டுப்போனதைவிடப் பெரிய சோகம் ஒண்ணு இருக்கு. தண்ணியைப் பத்தி நாம பேசற தொனி கெட்டுப்போச்சு. நைட்ரேட்டு வேணும்ங்கறவங்களும் நம்ம ஆளுங்கதான், வேணாம்ங்கறவங்களும் நம்ம ஆளுங்கதான். ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உட்கார வைப்பேன்."

"உட்கார வச்சு?" என்றேன் நான்.

"நானும் அவங்களோட உட்காருவேன்."

கை தட்டினார்கள். டுவெயின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஒரு நாள் பெட்ரோல் பங்கில் காலைப் பலகாரமாக பீட்சா தின்றுகொண்டிருந்தபோது அவனிடம், கவர்னர் உன் கிணற்றுக்கு என்ன செய்வதாகச் சொன்னார் என்று கேட்டேன். பீட்சாத் துண்டைக் கீழே வைத்து யோசித்தான். "அது ஞாபகம் இல்லப்பா. ஆனா சொன்ன விதம் நல்லா இருந்துச்சு" என்றான்.

அடுத்ததாக விட்கம் லவோன் பக்கம் திரும்பினார். "கேக் பிரமாதம். நீங்க உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார். தலை சாய்ந்தது. என் மனைவி, கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதவள், எழுந்து நின்று, சின்ன வயதிலிருந்து அலாஸ்காவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை, பள்ளிக்கூடத்து அட்லஸில் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்திருந்தேன், இன்னும் போகவில்லை என்றாள்.  விட்கம் நெஞ்சில் கை வைத்தார். நான் காபிக் கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் போன பிறகு தட்டுக் கழுவும்போது கேட்டேன்.

"அலாஸ்காவா?"

"ஆமா."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே."

 என் வீட்டில், என் காபியைக் குடித்துவிட்டு, என் பெண்டாட்டியின் மனதிலிருந்து அலாஸ்காவை வெளியே எடுத்துவிட்டுப் போயிருக்கிறான் ஒருத்தன். திருடு போயிருந்தால் போலீஸிடம் சொல்லலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. பக்கத்து டவுனுக்குப் போய் விட்கம் போட்டிருந்த அதே சாம்பல் நிற ஸ்வெட்டரை வாங்கினேன். அவர் மாதிரியே கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டேன். அவருக்கு அது ஒரு பேராசிரியரின் களை தந்தது. எனக்கு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போகிற களை. இராச் சாப்பாட்டில் லவோன், பாத்திரம் கழுவுகிற மெஷின் தண்ணீர் ஒழுகுகிறது என்றாள். நான் தலையைச் சாய்த்தேன்.

"மேல சொல்லு" என்றேன்.

"அவ்வளவுதான். ஒழுகுது."

நெஞ்சில் கை வைத்தேன். "நான் கேட்டுக்கிட்டேன்."

லவோன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நார்பர்ட், டாக்டர் ஏதாவது சொன்னாரா? எதுவா இருந்தாலும் மறைக்காதே."

கழுத்துக்குத் தைலம் தடவிவிட்டாள். அந்த வாரம் நான் தலையை நேராக வைத்துக்கொண்டேன்.

விட்கமின் பிரச்சாரத்தை எங்கள் ஊரில் நடத்த பாஸ்டனிலிருந்து மெரிடித் ஸ்லோன் என்ற அம்மாள் வந்து இறங்கினாள். ஒற்றுமை இயக்குநர் என்பது அவள் உத்தியோகம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வாராவாரம் தொனிப் பயிற்சி நடத்தினாள். தலை எவ்வளவு சாய வேண்டும், அதிகம் சாய்ந்தால் தூக்கம் மாதிரி தெரியும். புருவம் எப்போது உயர வேண்டும், முன்கூட்டியே உயர்ந்தால் சந்தேகம் மாதிரி தெரியும். ஒருவர் பேசும்போது நடுவில் விட்டுப் போகவே கூடாது. முக்கியமாக, பதில் சொல்லக் கூடாது. பதில் ஜனங்களைப் பிரிக்கும் என்பது அவர்கள் சித்தாந்தம். லவோன் ஒரு வகுப்பும் தவறவிடவில்லை. ஊரே தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தது. தபால்காரர்கூட நெஞ்சில் கை வைத்துத்தான் மின்சார பில்லைக் கொடுத்தார்.

மெரிடித் ஒருநாள் என்னைப் பார்க்க விதைக் கிடங்குக்கே வந்தாள்.

"உங்களை மாதிரி கணவர்களுக்கு எங்ககிட்ட ஒரு பிரிவே இருக்கு சார்" என்றாள்.

"என்ன பிரிவு?"

"இன்னும் இணையாத துணை."

"அம்மா, நான் செனட்டர் க்ரோலிக்கோட ஆளு. தண்ணிக்கு அவங்ககிட்ட ஒரு திட்டம் இருக்கு."

அது உண்மை. இன்னொரு வேட்பாளரான பெர்னடீன் க்ரோலிக் எங்கள் கண்காட்சித் திடலில் பெட்டிமேல் ஏறி நின்று, "உங்க தண்ணி கெட்டதுக்குப் பாதிக் காரணம் நீங்க வயல்ல கொட்டற உரம். இதுதான் வழி, இவ்வளவுதான் செலவு, யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டவள். யாருக்கும் சந்தேகம் இல்லை. எல்லோரும் வறுத்த சாசேஜ் வாங்கப் போய்விட்டார்கள்.

மெரிடித் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "திட்டம் இருந்தா அதை வேணாம்ங்கறதுக்கு நாலு பேர் வந்துருவாங்க சார். கருத்து இருக்கற ஜனங்களை வச்சுக்கிட்டு ஒற்றுமை பண்ண முடியாது. நான் நாலு வேட்பாளருக்கு வேலை பார்த்திருக்கேன். இவருக்கு என்ன கொள்கைன்னு எனக்கே தெரியாது. அதனாலதான் முழு மனசோட பண்றேன்."

"எனக்கு ஒரு சந்தேகம். அவரு என் மனைவி சொன்னதை நிஜமாவே கேட்டாரா?"

தலை சாய்ந்தது. "மேல சொல்லுங்க" என்றாள்.

இதற்கு நடுவில் ஒற்றுமைக்கு ஒரு சோதனை வந்தது. விட்கம் மறுபடியும் ஊருக்கு வந்து, இந்தத் தடவை ஆர்லிஸ் ஹைன்கன் வீட்டில் இறங்கினார். ஆர்லிஸ் நகராட்சி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள், லவோனோடு சர்ச் பாடகர் குழுவில் இருக்கிறவள். அங்கே சாக்லேட் பூசிய பீனட் பட்டர் துண்டு இரண்டு தின்றாராம். எங்கள் வீட்டில் ருபார்ப் கேக்கை ஒரே வாய் தின்றுவிட்டுக் காகிதக் கைக்குட்டையால் மூடி வைத்தார், அதை நான் பார்த்தேன். லவோன் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். அதைவிட மோசம், விடைபெறும்போது ஆர்லிஸின் கையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். லவோனுக்கு ஒரு கைதான் கிடைத்திருந்தது.

"ரெண்டு கைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா" என்றாள் லவோன், ரொட்டி மாவைக் குத்திக்கொண்டே.

"உனக்குப் பொறாமையா?"

"எனக்கென்ன பொறாமை. அவ கை எப்பவும் சில்லுன்னு இருக்கும். பாவம்னு சூடு பண்ணியிருப்பாரு."

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. என்னைப் போலவே அவளும் வேகிறாள். ஆனால் வேகிறது அந்த ஆளுக்காக என்று நினைத்தபோது அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

எங்கள் பகுதிக்கு விட்கமின் தலைவி யார் என்ற கேள்வி எழுந்தது. ஒரு கை கிடைத்தவர்கள் லவோன் பக்கம், இரண்டு கை கிடைத்தவர்கள் ஆர்லிஸ் பக்கம். கையே கிடைக்காதவர்கள் இரண்டு பக்கமும் போய்க் கோபப்பட்டார்கள். மெரிடித் இருவரையும் இணைத் தலைவிகள் ஆக்கினாள். உடனே யார் பெயர் முதலில் என்று சண்டை வந்தது. ஒற்றுமை விருந்து ஒரே மாலையில் இரண்டு இடத்தில் நடந்தது. லவோன் அணிக்கு நீல பேட்ஜ், ஆர்லிஸ் அணிக்குப் பச்சை பேட்ஜ். இரண்டிலும் 'நாம் ஒன்றே' என்று எழுதியிருந்தது. பாடகர் குழுவில் பச்சைக்காரர்கள் பாடும்போது நீலக்காரர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அன்பைப் பற்றிப் பேசினார், அது எந்த அணிக்குச் சாதகம் என்று இரண்டு தரப்பும் அவரிடம் விளக்கம் கேட்டன. விட்கம் பாஸ்டனிலிருந்து ஒரு செய்தி அனுப்பினார். "நியூ ஹோர்ன் மக்களின் இரு தரப்பையும் நான் கேட்டுக்கொண்டேன்" என்பதுதான் அது.

காகஸ் நாள் வந்தது. குளிர் காது மடலைக் கடித்தது. வண்டியில் லவோன் நீல பேட்ஜைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் கோட்டில் அதே நாப்தலின் வாசனை. அரங்குக்குள் நுழைந்ததும் அவள் நேராகக் பரிசுக் கோப்பை அலமாரிக்குக் கீழே நீல பேட்ஜ்காரர்கள் நின்ற மூலைக்குப் போய்விட்டாள். நான் க்ரோலிக் மூலைக்குப் போனேன். அங்கே நானும், ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியாரும், வயதான சகோதரிகள் இருவரும்தான் இருந்தோம். சகோதரிகள் உட்கார நாற்காலி இருந்ததால் அங்கே வந்ததாகச் சொன்னார்கள். என் இடது தோளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை அந்தப் பக்கம் குளிர்ந்தது.

கூட்டத்துக்குத் தலைவர் மல்யுத்தப் பயிற்சியாளர் டால்ஸ்மா. விசில் ஊதிவிட்டு எண்ணினார். மற்ற வேட்பாளர்களின் மூலைகள் தாராளமாகத் தேறின. ஆர்லிஸின் பச்சை மூலை மயிரிழையில் தேறிவிட்டது. லவோனின் நீல மூலைக்கு ஒரே ஒரு ஆள் குறைந்தது. எங்கள் மூலையைப் பார்த்து அவர் எண்ணவே இல்லை, உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டுமே விட்கம் மூலைதான கோச்? சேர்த்து எண்ணுங்க" என்றாள் மெரிடித்.

"யாருக்காக நிக்கறாங்கன்னு சட்டம் பார்க்காதும்மா. எங்க நிக்கறாங்கன்னுதான் பார்க்கும். சேர்ந்து நிக்கச் சொல்லுங்க, எண்ணறேன்."

மெரிடித் நடுவில் நின்று இரண்டு அணிக்கும் உரையாற்றினாள். "நண்பர்களே, ஒற்றுமைன்னா ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட நடந்து போறது. யாரு போறதுங்கறதுதான் இப்ப கேள்வி."

"அவங்க வரட்டும், நாங்க கேட்டுக்கறோம்" என்றாள் ஆர்லிஸ், தலையைச் சாய்த்து.

"அவங்க மேல சொல்லட்டும், நாங்க இங்கயே இருக்கோம்" என்றாள் லவோன், இன்னும் அதிகமாகச் சாய்த்து.

பயிற்சியாளர் கடிகாரத்தை அழுத்தினார். கால் மணி நேரம். அது முடிவதற்குள் ஒரு ஆள் கிடைக்காவிட்டால் லவோன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பச்சை மூலைக்குப் போய், ஆர்லிஸின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அரங்கு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை என்மேல் வந்து நின்றது.

வந்தாள். நானும் நாலடி முன்னால் போனேன். அரங்கின் நடுவட்டத்தில், பந்தைத் தூக்கிப் போடுகிற இடத்தில் சந்தித்தோம்.

"நார்பர்ட்." தலை சாய்ந்தது. புருவம் சரியான நேரத்தில் உயர்ந்தது. "நீ என்ன நினைக்கறேன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும். மேல சொல்லு."

கீழ்த்தளத்தில் கற்றுக்கொண்ட வித்தை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது ஒரு ஆள், நான் வேண்டும் என்பதில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் நெஞ்சில் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. டுவெயின் ஏன் அழுதான் என்று அப்போது விளங்கிற்று.

"எனக்குப் பொறாமையா இருக்கு லவோன்" என்றேன்.

தலை நிமிர்ந்துவிட்டது. "யார் மேல?"

"வேற யார் மேல. அந்த விட்கம் மேலதான்."

"அந்த ஆளுக்கு என் பேரே தெரியாது. நன்றி அட்டையில லோரெய்ன்னு எழுதி அனுப்பினாரு."

"பேரு தெரியாத ஆளுகிட்ட அலாஸ்காவைச் சொன்ன. பேரு தெரிஞ்ச நான் காபிக் கெண்டியோட நின்னேன்."

 மெரிடித் நீல மூலையிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள். பயிற்சியாளர், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று கத்தினார்.

"நீ அந்த மூலையில நிக்கறே. ஜெயிச்சா ஜெயிச்சுட்டுப் போ, எனக்கு அது இல்லை கவலை. என் பக்கத்துல குளிருது. அந்த ஸ்வெட்டரு உனக்காகத்தான் வாங்கினேன். தலையைச் சாய்ச்சுப் பார்த்தேன், நீ தைலம் தடவிட்ட. நீ பேசறதைக் கேக்கத் தெரியாதவனா நான் எப்ப ஆனேன்னு எனக்கே தெரியலை" என்றேன்.

"அப்புறம்?" என்றாள்.

தொனிப் பயிற்சியில் அந்தச் சொல் கிடையாது. தலை நேராக இருந்தது. கண்ணில் என்னவோ ஒரு வெளிச்சம், இந்த வயதில் ஒருத்தன் தனக்காக வெந்து சாகிறான் என்று கேட்டால் எந்தப் பெண்ணுக்கும் வருகிற வெளிச்சம் என்றுதான் நினைக்கிறேன். நான் சொன்னேன். கோட்டு வாசனையைச் சொன்னேன். அது நாப்தலின் உருண்டை, வாசனை இல்லை என்றாள். தெரியும் என்றேன். ஜன்னலை மூடச் சொன்னதெல்லாம் குளிருக்கு இல்லை, ஜன்னல் திறந்திருந்தால் அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள், என் பக்கம் திரும்ப மாட்டாள், அதற்காகத்தான் என்றேன். யாரோ லவோன், லவோன் என்று கூப்பிட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

விசில் ஒலித்தது.

"நின்ன இடத்துல நில்லுங்க" என்றார் பயிற்சியாளர். மூலை மூலையாக எண்ணி வந்தார். பச்சை தேறியது. நீலத்துக்கு இப்போது இரண்டு ஆள் குறைவு, செல்லாது. நாங்கள் இருவரும் நடுவட்டத்தில் எந்த மூலையிலும் சேராமல் நின்றோம். "நடுவுல நிக்கறது கணக்குல வராது" என்று எழுதிக்கொண்டார்.

மெரிடித் ஓடி வந்தாள். முகத்தில் எப்போதும் இருக்கிற புன்னகை இல்லை. அது இல்லாமல் அவளை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"லவோன், என்ன பண்ணிட்டீங்க? கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வர வேண்டியதுதான?"

"இவரு பேசிக்கிட்டு இருந்தாரு. நடுவுல விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"அது நிஜமாக் கேக்கறதுக்கு இல்லை" என்றாள் மெரிடித். "கேக்கற மாதிரி இருக்கறதுக்கு."

லவோன் என் பக்கம் திரும்பினாள்.

"எந்த இடத்துல விட்ட?" என்று கேட்டாள்.